நடைக்கு என்ன நிறம்?



வீட்டிற்கு வண்ணம் பூச வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் எல்லோருடைய எண்ணமும் முதலில் முன்கூடத்திற்குத்தான் செல்கிறது. விருந்தினர் வந்து அமரும் இடம் அல்லவா? அடுத்தது படுக்கையறை. அதற்கடுத்தது வாசற்கதவு. கடைசியாக டப்பாவில் எந்த வண்ணம் மிஞ்சியிருக்கிறதோ அது நடைக்கு வந்து சேரும். முன்கூடத்தையும் அடுக்களையையும் இணைக்கும் அந்தக் குறுகிய பாதையை நாம் ஓர் அறையாகவே மதிப்பதில்லை. ஆனால் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை அதை எத்தனை முறை கடக்கிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். வீட்டில் அனைவரும் நடமாடும் இடம் அது. இரவில் விளக்கில்லாமல் நடக்கும் இடமும் அதுவே.

மனையியல் பாடத்தில் நிறங்களைப் பற்றிப் படிக்கிறோம். சிவப்பும் மஞ்சளும் வெப்ப நிறங்கள், நீலமும் பச்சையும் குளிர் நிறங்கள் என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். அந்தப் பாடத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் நான், என் வீட்டு நடைக்கு நிறம் தேர்ந்தபோது அதை மறந்துபோனேன். அதனால் நேர்ந்த துன்பத்தையும், பின்னர் கற்றுக்கொண்ட பாடத்தையும் உங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் பழைய தெரு ஒன்றில் உள்ளது. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. இரயில் பெட்டிகளைப் போல் ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் அமைந்த வீடு. நடுவில் உள்ள நடை 18 அடி நீளம், 4 அடி அகலம், 10 அடி உயரம். தரை சிவப்புச் சிமெண்டு. நடை முடியும் இடத்தில் அடுக்களைக்கு இறங்க ஒரே ஒரு படி. அதுவும் அதே சிவப்பு.

பல ஆண்டுகளாக அந்த நடைக்குப் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து வந்தோம். சுவரில் சாய்ந்தால் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டும். குழந்தைகளின் கைத்தடம் பதியும். எனவே ஓர் ஆண்டு, "அழுக்குத் தெரியாத நிறமாக அடித்துவிடலாம்" என்று நானே முடிவு செய்து, கரும்பச்சை எண்ணெய் வண்ணத்தை அடிக்கச் செய்தேன். பளபளவென்று இருந்தது. துடைத்தால் போதும், கறை போய்விடும். பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் மகிழ்ந்தேன்.

அந்த ஆண்டு மார்கழியில் ஒரு மாலை, அடுக்களைக்குச் சென்ற என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார், அந்தப் படியில் கால் தவறி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 74. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தார். "ஐம்பது வருஷமா நடந்த நடைதானம்மா. ஆனா இப்போ படி எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியலையே" என்று அவர் சொன்னபோது, வயதாகிவிட்டதால் அப்படிச் சொல்கிறார் என்றே எல்லோரும் நினைத்தோம். சில நாட்கள் சென்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐம்பது ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்த படி, அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று? மாறியது அவருடைய கண் மட்டுமன்று, சுவரும் மாறியிருந்தது.

நிறத்தின் மூன்று குணங்கள்

அமெரிக்க ஓவிய ஆசிரியரான ஆல்பர்ட் மன்செல் என்பவர் 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், எந்த நிறத்தையும் மூன்று அளவுகளால் குறிப்பிடலாம் என்று காட்டினார். முதலாவது சாயல்: அது சிவப்பா, பச்சையா, நீலமா என்பது. இரண்டாவது வெளிர்மை: கறுப்புக்கு அருகில் உள்ளதா, வெள்ளைக்கு அருகில் உள்ளதா என்பது. கறுப்புக்கு 0 என்றும் வெள்ளைக்கு 10 என்றும் அவர் அளவு வைத்தார். மூன்றாவது செறிவு: நிறம் அழுத்தமாக உள்ளதா, மங்கலாக உள்ளதா என்பது.

கடைக்குச் சென்று வண்ண அட்டையைப் பார்க்கும்போது நாம் முதல் குணத்தை மட்டுமே பேசுகிறோம். "பச்சை வேண்டுமா, நீலம் வேண்டுமா?" என்று வாதாடுகிறோம். ஆனால் சன்னல் இல்லாத நடைக்கு முக்கியமானது இரண்டாவது குணமாகிய வெளிர்மையே. வெளிர்பச்சையும் வெளிர்நீலமும் நடைக்கு ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் தரும். வெளிர்பச்சையும் கரும்பச்சையும் அவ்வாறு தருவதில்லை.

இதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. கரும்பச்சைச் சுவர் 20 விழுக்காடு அனுப்பினாலே அதிகம். தெருவாசல் வழியே நுழையும் ஒளி மூன்று முறை சுவரில் பட்டுத் திரும்பிய பின்னரே நடையின் கடைசிப் படியை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைச் சுவரானால் 100 பங்கு ஒளி முதலில் 80 ஆகி, பிறகு 64 ஆகி, மூன்றாவதில் 51 பங்காகப் படியைச் சேரும். கரும்பச்சையானால் 100 என்பது 20 ஆகி, 4 ஆகி, முடிவில் ஒரு பங்குகூடத் தேறாது, 0.8 பங்கே மிஞ்சும். ஒரே வாசல், ஒரே மாலை, ஒரே படி. சுவர் விழுங்கிய ஒளிதான் என் அத்தையின் கண்ணுக்கு எட்டாமல் போயிற்று.

மங்கிய ஒளியில் சிவப்பு

மற்றொரு காரணமும் உண்டு. அந்திப் பொழுதில் தோட்டத்தில் நின்று செம்பருத்திச் செடியைப் பார்த்திருக்கிறீர்களா? பகலில் இலையைவிட எடுப்பாகத் தெரிந்த பூ, இருட்டத் தொடங்கியதும் கறுத்துப் போகும். இலையோ இன்னும் சற்று வெளிறித் தெரியும். இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்னவர் பர்கின்ஜி என்னும் செக் நாட்டு உடலியல் அறிஞர். நம் விழித்திரையில் கூம்புச் செல்கள், குச்சிச் செல்கள் என இருவகை உண்டு. நல்ல வெளிச்சத்தில் நிறங்களைக் காட்டுபவை கூம்புச் செல்கள். ஒளி குறையும்போது குச்சிச் செல்களே பணி செய்கின்றன. அவற்றிற்குச் சிவப்பு ஒளி ஏறக்குறையப் புலப்படுவதே இல்லை. ஆகவே நம் வீடுகளில் பகலில் அழகாக விளங்கும் சிவப்புச் சிமெண்டுத் தரையும் படியும், மங்கிய ஒளியில் ஒரே கரிய பரப்பாகி விடுகின்றன. மேலே இருக்கும் தரை எங்கே முடிகிறது, கீழே இருக்கும் தரை எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

முதியோருக்கு இத்துன்பம் இன்னும் மிகுதி. வயது ஏற ஏறக் கண்மணியின் துளை சிறுக்கிறது. உள்ளே இருக்கும் வில்லை மஞ்சளித்துத் தடிக்கிறது. இருபது வயதில் விழித்திரைக்குச் சென்ற ஒளியில் அறுபது வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே செல்கிறது. மஞ்சளித்த வில்லை நீல ஒளியைத் தடுப்பதால், முதியோருக்கு நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தோன்றுவதுண்டு. நமக்குத் தெரிவதுதான் எல்லோருக்கும் தெரிகிறது என்று எண்ணுவது எவ்வளவு பெரிய தவறு!

அண்டை நிறத்தின் செல்வாக்கு

ஒரு நிறம் தனியாக நிற்பதில்லை. பிரான்சு நாட்டில் கோபெலின் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியல் அறிஞர் செவ்ரல் என்பவரிடம், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்று குறை கூறப்பட்டது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறை ஏதும் இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நீல, ஊதா நூல்களே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டார். அடுத்தடுத்து வைக்கும் இரு நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்ற விதியை 1839இல் பெரிய நூலாக எழுதினார்.

நடைக்கும் இது பொருந்தும். சிவப்புத் தரைக்கு மேல் சாம்பல் நிறச் சுவர் அமைந்தால், அச்சாம்பல் சற்றுப் பச்சையாகத் தோன்றும். கடையில் உள்ள சிறு அட்டைத் துண்டில், வெள்ளைத் தாளின் நடுவே பார்த்த நிறம், வீட்டில் தரையும் கதவும் சூழ்ந்திருக்கும்போது வேறாகத் தெரிவது இதனால்தான். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று அவரைக் கடிந்து கொள்ளாதீர்கள்!

விளக்கும் நிறத்தை மாற்றும். பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் ஒன்றாகத் தெரிந்த இரு வண்ணங்கள், குழல் விளக்கின் வெள்ளொளியில் வேறு வேறாகத் தெரியலாம். இப்போது பெரும்பாலான வீடுகளில் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. அவற்றிலும் மஞ்சள் ஒளி தருவன, நீலம் கலந்த வெள்ளொளி தருவன என வகைகள் உண்டு. ஆகவே எந்த விளக்கு எரியப் போகிறதோ அந்த விளக்கின் கீழேயே நிறத்தைப் பார்த்துத் தேர வேண்டும்.

எவ்வகை வண்ணம்?

நிறம் வேறு, அதைத் தாங்கிவரும் பூச்சு வேறு. அவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1. சுண்ணாம்பு: நீற்றிய சுண்ணாம்பு சுவரில் காய்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக மாறுகிறது. விலை குறைவு, சுவர் மூச்சுவிடும். ஆனால் கையில் ஒட்டும். வெள்ளையில் சிறிது நீலம் கலப்பது ஏன் என்று பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்பில் உள்ள இலேசான மஞ்சள் சாயலை நீலம் அடக்கிவிடுவதால், வெள்ளை மேலும் வெள்ளையாகத் தோன்றுகிறது.

2. டிஸ்டெம்பர்: சுண்ணாம்பைவிட வழவழப்பானது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் தாங்காது.

3. எமல்ஷன்: நீரில் கரைத்துப் பூசுவது. பளபளப்பில்லாத வகையும் உண்டு. மென்மையாகத் துடைக்கலாம். உள்சுவருக்கு இன்று மிகுதியாகப் பயன்படுவது இதுவே.

4. எண்ணெய் வண்ணம்: கதவுக்கும் கம்பிக்கும் ஏற்றது. பழைய சுண்ணாம்புச் சுவரில் பூசினால் உள்ளிருக்கும் ஓதம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாகி உரியும். எங்கள் பச்சைச் சுவரின் அடிப்பகுதி இரண்டே ஆண்டுகளில் அப்படித்தான் உரிந்தது. மேலும் அதன் பளபளப்பில் விளக்கொளி பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். கண்புரை உள்ளவர்களுக்கு இக்கூச்சம் பெருந்தொல்லை.

இங்கு நம் பகுதிக்குரிய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்றைய வெள்ளை வண்ணத்திற்கு வெண்மையைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் கடற்கரையில் கிடக்கும் இல்மனைட் என்னும் கரிய மணலிலிருந்து! கறுப்பிலிருந்து வெண்மை பிறக்கும் விந்தை இது.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. பழைய எண்ணெய் வண்ணங்களில் காரீயம் கலந்திருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சம் பங்கிற்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தல் கூடாது. அதற்கு முன் பூசிய சுவரை உப்புத்தாள் கொண்டு காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தூசி பறக்காதபடி நனைத்துத் தேய்த்து, குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அவ்விடத்திலிருந்து விலக்கி வைத்து, தரையை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

கணக்கிட்டு வாங்குக

எங்கள் நடையையே எடுத்துக்கொள்வோம். நீளச் சுவர் இரண்டு: 18 × 10 × 2 = 360 சதுர அடி. குறுக்குச் சுவர் இரண்டு: 4 × 10 × 2 = 80 சதுர அடி. மொத்தம் 440. இதில் 3 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள வாசல்கள் நான்கு: 3 × 7 × 4 = 84. இதைக் கழித்தால் 356 சதுர அடி. ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு 120 சதுர அடி வரும் என்று கொண்டால் 3 லிட்டர் போதும். இந்த அளவு வண்ணத்திற்கு வண்ணம் மாறும். டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். மேற்கூரை 18 × 4 = 72 சதுர அடி; அதற்கு வெள்ளை ஒரு லிட்டர் தாராளம். கரும்பச்சையின் மேல் வெளிர்நிறம் பூசுவதாயின், முதலில் பிரைமர் ஒரு பூச்சு அவசியம். இல்லையேல் பச்சை எட்டிப் பார்க்கும்.

எங்கள் தேர்வு

அடுத்த முறை நான் வண்ண அட்டையைக் கொண்டு முடிவு செய்யவில்லை. இரண்டடிச் சதுரமான மூன்று கெட்டி அட்டைகளில் வெள்ளை, வெளிர்நீலம், வெளிர்மஞ்சள் ஆகிய மூன்றையும் இரண்டு பூச்சுப் பூசிக் காயவைத்தேன். அவற்றை நடையின் கடைசியில், படிக்கு அருகே சாய்த்து வைத்து, காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளையும் பார்த்தோம். என் மகளுக்கு நீலம் பிடித்தது. என் கணவர் வெள்ளை என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாலை ஆறு மணிக்கு விளக்கை ஏற்றாமல் அத்தையை முன்கூடத்து வாசலில் நிறுத்தி, "எது தெரிகிறது அத்தை?" என்று கேட்டேன். "வெள்ளையும் மஞ்சளும் தெரியுது. நடுவில் இருக்கிறது சாம்பல் மாதிரி இருக்கு" என்றார். நடுவில் இருந்தது நீலம். பிறகு விளக்கைப் போட்டேன். "வெள்ளை கூசுதம்மா. மஞ்சள்தான் கண்ணுக்குச் சுகமா இருக்கு" என்றார். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல, என்ன நிறம் வேணும்னு என்னை யாரும் கேட்டதே இல்லை" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது குறையாகவே கேட்டது.

அவ்வாறே பளபளப்பில்லாத வெளிர்மஞ்சள் எமல்ஷனைச் சுவருக்கும், வெள்ளையை மேற்கூரைக்கும் பூசினோம். அறைகளுக்குள் செல்லும் வாசல்கள் எங்கே என்று தெரியும்படி, நிலைகளுக்கு மட்டும் அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம். படியின் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்திற்கு மஞ்சள் பட்டை ஒன்று. வழுக்காமலிருக்க அவ்வண்ணத்தில் சலித்த பொடிமணல் சிறிது கலந்தோம். நடையின் இரு முனைகளிலும் விளக்குச் சுவிட்சு வைத்தோம். குழந்தைகளின் கைத்தடம் பதியத்தான் செய்கிறது. ஈரத்துணியால் துடைத்து விடுகிறோம். அதற்குப் பின் அந்தப் படியில் யாரும் விழவில்லை.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு நடையில் அந்தி வேளையில் விளக்கில்லாமல் நின்று, எவை தெரிகின்றன, எவை மறைகின்றன என்று எழுதுக.

2. வீட்டில் மூத்தவர் ஒருவரையும் அதே இடத்தில் நிற்கச் செய்து, அவருக்குத் தெரிபவற்றை எழுதுக. இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுக.

3. நடையின் நீள அகல உயரங்களை அளந்து, வாசல்களைக் கழித்து, தேவையான வண்ணத்தைக் கணக்கிடுக.

4. சுவர் 50 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பினால், மூன்று முறை பட்டுத் திரும்பிய பின் 100 பங்கில் எத்தனை மிஞ்சும்?

மாணவியரே, நாளை உங்களில் பலர் ஒரு வீட்டிற்கு நிறம் தேரும் பொறுப்பை ஏற்பீர்கள். அழகு வேண்டும், சிக்கனமும் வேண்டும், துடைக்க எளிதாகவும் இருக்க வேண்டும். ஆனால் அவற்றிற்கெல்லாம் முன்னதாக, இவ்வழியே யார் நடக்கிறார்கள், அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கேளுங்கள். நான் அதைக் கடைசியாகக் கேட்டேன். நீங்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.